இரவு 11 மணி, தென்காசிப் பேருந்து நிலையம்

1999 ஜூலை 9. குற்றாலத்தில் சீசன். பாளையங்கோட்டை ஆயுதப்படையைச் சேர்ந்த ஒரு காவலருக்கு சீசன் பந்தோபஸ்து வேலை போட்டிருந்தார்கள். இரவு எட்டரை மணிக்குக் குற்றாலம் புறக்காவல் நிலையத்தில் வந்து பணியில் சேர்ந்தார். 11 மணிக்கு அவர் நின்ற இடம் தென்காசிப் பேருந்து நிலையம், குடிபோதையில் இருந்தார். அங்கே ஒரு கணவனும் மனைவியும் பேருந்துக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டதோடு, அவள் தன்னுடன் வராவிட்டால் கணவன்மேல் வழக்குப் போட்டுவிடுவதாக இருவரையும் மிரட்டினார். தான் போலீஸ் என்பதையும் சொல்லிக்கொண்டார்.

பதறிப்போன இருவரும் எதிர்ப்பக்கம் நின்ற இரண்டு தலைமைக் காவலர்களிடம் முறையிட்டார்கள். தென்காசி காவல் நிலையத்தைச் சேர்ந்த அந்த இருவரும் உடனே விரைந்து வந்து, தங்கள் துறைக்காரரையே பிடித்து நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவிலும், தமிழ்நாட்டின் ஈவ் டீசிங் தடைச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது. அந்தச் சட்டத்துக்கு அப்போது ஒரு வயதுதான். 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அட்டகாசத்தால் கீழே விழுந்து ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார்; அந்த மரணம்தான் முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு முழுச் சட்டமாகவும் ஆனது.

பொது இடத்தில் முகம் தெரியாத ஆணைக் கண்டு பெண் ஏன் அஞ்சுகிறாள், அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வழிவழி வந்த முன்முடிவு என்ற கேள்வியை எங்கிருந்தும் தொடங்கலாம். தென்காசியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், நாம் பழக்கமாகச் சொல்லிவரும் பதில்களில் பாதியை அந்த ஒரு இரவே பொய்யாக்கிவிட்டது. தனியாகப் போனதால்தான் வம்பு என்பார்கள். அந்தப் பெண் பக்கத்தில் கணவன் நின்றான். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்பார்கள். அது பேருந்து நிலையம். வேலைவெட்டி இல்லாத பொறுக்கிகளின் வேலை என்பார்கள்; வந்தவர் பாதுகாப்புக்கென்றே அனுப்பப்பட்டவர். ஆண்களே இப்படித்தான் என்று முடிக்கவும் வழியில்லை. உதவிக்கு விரைந்து வந்த இருவரும் அந்தப் பெண்ணுக்கு முகம் தெரியாத ஆண்கள்தான்.

வழக்கின் மீதிக் கதையும் பாடம்தான். துறை விசாரணையில் குற்றம் உறுதியாகி அந்தக் காவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தில் கணவனும் மனைவியும் பிறழ் சாட்சிகளாகிவிட்டார்கள். விடுதலை கிடைத்தது. அதைக் காட்டி அவர் மேலே போக, பணிநீக்கம் செல்லாது என்றது உயர் நீதிமன்றம். காவல்துறை டெல்லிக்குப் போனது. சம்பவத்தை நேரில் கண்ட தலைமைக் காவலர்கள் குற்ற வழக்கில் ஏன் விசாரிக்கப்படவில்லை என்பதைக் கவனித்த உச்ச நீதிமன்றம், சாட்சி பிறழ்ந்ததால் கிடைக்கும் விடுதலை களங்கமற்ற விடுதலை ஆகாது என்று சொல்லி, பணிநீக்கத்தை உறுதி செய்தது. தீர்ப்பின் நாள் 2012 நவம்பர் 30. ஒரு இரவின் சில நிமிடங்களுக்கு நீதி சொல்ல 13 ஆண்டுகள் ஆயின.

நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் அத்துடன் நிறுத்தவில்லை. நாடு முழுமைக்குமாக எட்டு உத்தரவுகள் போட்டார்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், திரையரங்கு, கோயில், கடற்கரை போன்ற இடங்களில் மாற்றுடையில் பெண் காவலர்கள், முக்கியமான இடங்களில் கண்காணிப்பு கேமரா, கல்வி நிறுவனங்களும் கோயில்களும் நிலையங்களும் நடத்துவோர் புகாரை உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், பேருந்துக்குள் நடந்தால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை நேராகக் காவல் நிலையத்துக்கு விட வேண்டும், தவறினால் பெர்மிட் ரத்து, மூன்று மாதத்துக்குள் நகரங்களிலும் ஊர்களிலும் பெண்களுக்கான உதவி எண், எச்சரிக்கைப் பலகைகள், கண்ணால் காண்பவர் தகவல் சொல்ல வேண்டும், இத்தனைக்கும் ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில அரசு உரிய அறிவுறுத்தல்கள் தர வேண்டும்.

அந்தத் தீர்ப்பு வந்த பதினாறாவது நாள் இரவில்தான் டெல்லியில், ஓடும் பேருந்துக்குள், நாட்டையே உலுக்கிய அந்தக் கூட்டுப் பாலியல் வல்லுறவு நடந்தது. அதன்பின் எல்லோர் பேச்சும் டெல்லியைப் பற்றியே ஆனது. தென்காசி வழக்கு சட்டப் புத்தகங்களில் வேறொரு காரணத்துக்காக நிலைத்தது. பணி தொடர்பான வழக்குகளில் அந்தக் காவலரின் பெயரால் ‘சமுத்திரம் தீர்ப்பு’ என்று வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் களங்கமற்ற விடுதலை எது என்ற விளக்கத்துக்காக. பேருந்துக்குக் காத்திருந்த பெண்ணை விட்டுவிட்டு, வேலை போன காவலரின் பணி உரிமையை மட்டும் சட்ட உலகம் நினைவில் வைத்துக்கொண்டது.

இனி, அச்சத்தின் கணக்கு. கொலையுண்டவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியல்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், முதலாளி, கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவர். அப்படியானால் தெருவைக் கண்டு பெண் பயப்படுவது வீண் பயமா? மேலைநாட்டுக் குற்றவியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக இதை ஒரு முரணாகவே பேசி வந்தார்கள். தெருச் சண்டையில் அதிகம் அடிபடுவது இளைஞன்; அதிகம் பயப்படுவது பெண்.

முரண் அவிழ்ந்தது, பெண்கள் எதை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று கேட்ட பிறகுதான். 1980களில் மார்க் வார், 1990களில் கென்னத் ஃபெராரோ போன்றோரின் ஆய்வுகள் காட்டியது இது: பாலியல் தாக்குதல் பற்றிய அச்சத்தின் நிழல் மற்றெல்லாக் குற்றங்களின் மேலும் விழுகிறது. ஆணைப் பொறுத்தவரை வழிப்பறி என்றால் பணம் போகும். பெண்ணுக்கோ அது அதோடு முடியுமா என்ற கேள்வி கூடவே வருகிறது. இன்னொன்றும் உண்டு. பேருந்து நெரிசலில் உரசுகிற முழங்கை, பைக்கில் கூடவே வந்து சொல்லப்படும் ஒரு வார்த்தை, படிக்கட்டின் கீழிருந்து உயரும் செல்போன் ஆகியவை எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் ஏறுவது அரிது. வழக்குப் பட்டியல் தெரிந்தவர்களால் நிரம்பியிருப்பதன் ஒரு பாதிக் காரணம், தெரியாதவன்மேல் புகார் கொடுக்கப் பெயர்கூடக் கிடைக்காது என்பதுதான்.

இந்த அச்சத்துக்கு விலை இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளை ஆராய்ந்த பொருளியலாளர் கிரிஜா போர்க்கர், போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தரம் குறைந்த கல்லூரியைப் பெண்கள் தேர்ந்தெடுப்பதைக் கண்டார். மதிப்பெண் இருந்தும், பேருந்துத் தடம் சரியில்லை என்பதால் நல்ல கல்லூரி கைநழுவுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சந்தை, மருத்துவமனை, ஊருக்கு வெளியே ஓரிடம் ஆகிய மூன்றுக்கும் தனியே போய்வர அனுமதி உள்ள இந்தியப் பெண்கள் 42 விழுக்காட்டினர் மட்டுமே.

தென்காசி மாவட்டத்தில் இந்த விலையைத் திண்ணையிலேயே பார்க்கலாம். கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டை, கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்கள். இலையும் தூளும் கடையில் வாங்கி வந்து, சுற்றிக் கட்டிய பீடியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். குறைந்த கூலி, புகையிலைத் தூசி, குனிந்த முதுகு. இந்த வேலை பெண்களின் வேலையாக இவ்வளவு ஆழ வேரூன்றியதற்கு வறுமையும் வானம் பார்த்த நிலமும் காரணங்கள்தான். அவற்றோடு ‘வீட்டோட இருந்து பாக்குற வேலை’ என்ற ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது. அந்தச் சொல்லுக்குள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, ‘ஒத்தையிலயா போற?’ என்ற கேள்வியும் இருக்கிறது.

அந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதிதில்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கி, ஊர் ஊராகத் தனியே சுற்றிக் குறி சொல்லிப் பிழைப்பவள். நாயகி வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசாகப் பெற்ற நகைகளோடு அவள் நிற்கிறாள். தேடி அலைந்து வந்து சேரும் அவள் கணவன் சிங்கனோ ஒவ்வொரு நகைக்கும் கணக்குக் கேட்கிறான். வெளியே போய்ச் சம்பாதித்த பெண்மேல் விழும் முதல் பார்வை சந்தேகம் என்பதைக் கவிராயர் நகைச்சுவையாக்கினார். இன்றும் இரவில் பேருந்து நிலையத்தில் தனியே நிற்கும் பெண்ணுக்கு இரண்டு பயங்கள்: யாரோ ஒருவன் ஏதாவது செய்துவிடுவானோ என்பது ஒன்று, செய்துவிட்டால் ‘இந்த நேரத்துல அங்க என்ன வேலை?’ என்று தன்னையே கேட்பார்களே என்பது மற்றொன்று. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட நூலின் மையமும் இதுவே. வேலை, படிப்பு, கோயில் என்று ஏதாவது ஒரு காரணம் கையில் இருந்தால்தான் பெண் வெளியில் இருக்கலாம். ஆண் டீக்கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க எந்தக் காரணமும் வேண்டாம்.

முன்முடிவுகள் பெண்ணின் மேல் மட்டும் ஏறி உட்காரவில்லை. 2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, சமூக ஊடகங்களில் முதலில் பரவியது ஒரு முஸ்லிம் பெயர். அது கட்டுக்கதை. பிறகு செங்கோட்டை அருகே ஒரு சிற்றூரில் காவல்துறை கைது செய்த இளைஞர், விசாரணை தொடங்கும் முன்பே சிறையில் இறந்துபோனதால் குற்றம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை. முகம் தெரியாத ஆண் என்றதும் மனம் தானாகவே ஒரு முகத்தை வரைந்துகொள்கிறது. பெரும்பாலும் அது வேற்று மதத்தவன், வேற்று சாதிக்காரன், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவன், அழுக்குச் சட்டைக்காரன் ஆகியோரின் முகமாகவே இருக்கிறது. நன்றாக உடுத்தியவனும், சீருடை அணிந்தவனும், ‘நம்ம ஊர்க்காரனும்’ அந்தச் சித்திரத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

இங்கேதான் இந்தக் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. பெண்ணின் அச்சம் ஒரு கணக்கு. ஏதாவது நடந்தால் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதை வைத்துப் போடும் கணக்கு. முன்முடிவு அந்தக் கணக்கைத் தப்பாக்குகிறது. பயப்பட வேண்டாதவனைப் பார்த்து ஒதுங்கவும், ஒதுங்க வேண்டியவனை நம்பவும் அது கற்றுக்கொடுக்கிறது. பதில் சொல்ல வேண்டிய அமைப்புகளையோ கேள்வியின்றி விட்டுவிடுகிறது. நுங்கம்பாக்கம் நிலையத்தில் அன்று கண்காணிப்பு கேமரா இல்லை. தென்காசி வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான இடங்களில் கேமரா வைக்கச் சொல்லி மூன்றரை ஆண்டுகள் கடந்திருந்தன. நடைமேடையில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். உடல் வெகுநேரம் அங்கேயே கிடந்தது.

துணை இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம். 1999 தென்காசியில் கணவன் இருந்தான். 2012 டெல்லியில் நண்பன் இருந்தான். 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தாக்கப்பட்ட மாணவியோடும் நண்பர் ஒருவர் இருந்தார். அந்த வழக்கில் குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. துணை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் பொறுப்பு முழுவதையும் ‘கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போ’ என்பதற்குள் அடைத்துவிட முடியாது.

தீர்வுகளில் மிகப் பழையது பிரித்து வைப்பது. குற்றாலம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் குளிக்கும் இடம் தனித்தனி, வரிசையும் தனி. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் பல்லாயிரம் குடும்பத்துப் பெண்கள், உடை நனைந்து ஒட்டும் கூச்சத்தை மறந்து, அருவியின் அடியில் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் தடுப்புக்கம்பிக்கு அப்பால் நிலைமை வேறு. கார் நிறுத்துமிடம், கடைவீதி, ஈரத்துணியோடு விடுதிக்குத் திரும்பும் பாதை எதுவும் பிரிக்கப்பட்டதில்லை, பிரிக்கவும் முடியாது. துண்டு மட்டும் கட்டிக்கொண்டு உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஆண் நடக்கும் அதே வீதியில், பெண் தலையில் போட்ட துண்டை மார்புக்கு இழுத்து இழுத்து விட்டபடியே நடக்கிறாள். இப்போது கையில் கேமரா இல்லாத ஆள் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 2013 திருத்தத்தில் மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பின்தொடர்வதும் தனிக் குற்றங்களாயின. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 77, 78ஆம் பிரிவுகள்.

பிரித்து வைப்பதன் அடுத்த படி, பெண்ணை விலக்கி வைப்பது. 2023 பிப்ரவரி 16 இரவு, பாவூர்சத்திரம் அருகே ரயில்வே கேட்டில் தனியாகப் பணியில் இருந்த பெண் ஊழியர் தாக்கப்பட்டார். போராடித் தப்பினார். கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சில நாட்களிலேயே கைதானார். இப்படி ஒன்று நடந்ததும் பலருக்கும் தோன்றும் முதல் யோசனை, பெண்களை இரவு வேலைக்குப் போடாதீர்கள் என்பது. நல்லெண்ணம்தான். ஆனால் அது நிறைவேறினால் தண்டனை அடைவது வேலை இழக்கும் பெண். கேட் அறைக்கு உறுதியான கதவு, வெளிச்சம், கூப்பிட்டால் உடனே கேட்கும் தூரத்தில் ஆள் ஆகியவை செலவு பிடிக்கும் தீர்வுகள். விலக்கி வைப்பதற்குச் செலவில்லை.

சட்டம் தன் பங்குக்கு நகர்ந்திருக்கிறது, சொற்களிலும்கூட. ‘ஈவ் டீசிங்’ என்ற பெயர் குற்றத்தை விளையாட்டுபோலக் காட்டுவது. தமிழ்நாட்டுச் சட்டம் 2002இலேயே அந்தப் பெயரைக் கைவிட்டு, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டமாயிற்று. தென்காசி வழக்கில் அதே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய உச்ச நீதிமன்றம், 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பாலின முன்முடிவுகள் பற்றிய கையேட்டில், அதற்குப் பதில் ‘தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல்’ என்று சொல்லும்படி நீதிபதிகளுக்கு அறிவுறுத்தியது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, பெண்களை முறைப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றில் ஈடுபடும் பயணியை நடத்துநர் இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ வழி செய்யப்பட்டது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் தண்டனைகளையும் உயர்த்தியது.

ஆனால் சாலையின் முகத்தை மாற்றுவது தண்டனையைவிடப் பெண்களின் எண்ணிக்கைதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவூட்டும் அறிவொளி இயக்கமும் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, முதலில் ஓட்டியவர்கள் கேலியையும் கெட்ட பேச்சையும் தாங்க வேண்டியிருந்தது. பல்லாயிரம் பேர் ஓட்டத் தொடங்கியதும் கேலி செய்தவர்களுக்கு வாய் வலித்துவிட்டது. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் அதே வகையில் வேலை செய்கிறது. ‘ஓசிப் பயணம்’ என்ற ஏளனம் ஒரு பக்கம் இருந்தாலும், பேருந்தில் பெண்கள் நிரம்பியிருப்பதே ஒரு காவல்.

ஆண்களின் தரப்பையும் கேட்க வேண்டும். எதிரே வரும் பெண் தன்னைக் கண்டதும் பையை இறுக்கிப் பிடித்தால் ஒழுங்கானவனுக்கு வலிக்கத்தான் செய்யும். 2024இல் உலகமெங்கும் இணையத்தில் ஒரு கேள்வி சுற்றியது: காட்டில் தனியாக இருக்கும்போது எதிரே வருவது முகம் தெரியாத ஆணாக இருக்கலாமா, கரடியாக இருக்கலாமா? பல பெண்கள் கரடி என்றார்கள். பல ஆண்கள் கொதித்துப்போனார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கரடி கற்பனை விலங்கில்லை. 2022 நவம்பர் 6 அன்று கடையம் அருகே பைக்கில் போன வியாபாரி ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடியவர்கள் இருவரும் படுகாயம் அடைந்தார்கள். ஊரே திரண்டு சாலையில் உட்கார்ந்தது. வனத்துறை அன்றே கரடியைப் பிடித்தது. கடிபட்டவரிடம் என்ன உடை உடுத்தியிருந்தீர்கள், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஏன் போனீர்கள், கரடியைப் பார்த்துச் சிரித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கரடி என்று சொன்ன பெண்கள் ஆண்களையெல்லாம் விலங்கு என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கரடி தாக்கினால் நம்புவார்கள், உதவிக்கு வருவார்கள் என்பதே அவர்கள் போட்ட கணக்கு.

‘எல்லா ஆண்களும் அப்படி இல்லை’ என்பது உண்மை. தென்காசிப் பேருந்து நிலையத்தில் அதை வாயால் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. இரண்டு பேர் ஓடி வந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த சாரல் சீசனுக்கு முன் தென்காசி மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் குற்றாலத்தில் கடை வைத்திருப்போரும் கூடி ஒரு காரியம் செய்யலாம். அந்த எட்டு உத்தரவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இரவு 11 மணிக்குத் தென்காசிப் பேருந்து நிலையத்திலிருந்து குற்றாலம் பேரருவி வரை ஒருமுறை போய் வரலாம். எங்கே விளக்கு எரிகிறது, எந்தக் கேமரா இயங்குகிறது, எச்சரிக்கைப் பலகையில் 181 என்ற உதவி எண் படிக்கும்படி இருக்கிறதா, மாற்றுடையில் பெண் காவலர் நிற்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வரட்டும். அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உத்தரவுகள் பிறந்தது இந்த ஊரின் வழக்கில்; அவற்றை முதலில் நிறைவேற்றிக் காட்டும் கடமையும் இந்த ஊருக்கே.